இனிக்கிற வேரும் கசக்கிற சுரைக்காயும்

இந்த மாதக் கடிதக் கட்டில் அதிமதுரம்தான் அதிகம். மழைக்காலம், இருமல், அப்புறம் எல்லோர் கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கசாயக் குறிப்பு. காரணம் அதுவாகத்தான் இருக்கும். நாட்டு மருந்துக் கடைக்காரரின் மகள், மருந்தியல் கல்லூரியில் 28 வருடம் மூலிகைப் பாடம் எடுத்தவள் என்பதால் பத்திரிகை ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. வறட்டு இருமலுக்காகத் தினமும் இரண்டு ஸ்பூன் அதிமதுரப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். மூன்று மாதமாகிவிட்டது. பல வருடங்களாக பிரஷர் மாத்திரை உண்டு. இப்போது பிரஷர் 170க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, காலும் வீங்குகிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். பொடியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. "வேரைத்தானே சாப்பிடறேன், விஷத்தையா சாப்பிடறேன்" என்கிறார் அத்தை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். இன்றே பொடியை நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொடி டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "மூன்று மாதமாக இதைச் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியமும் சோடியமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கை கால் ஓய்ந்து போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பொட்டாசியம் குறைந்திருக்கும், இளநீர் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நீங்களாக இறங்கவும் வேண்டாம். பிரஷர் மாத்திரைகளில் பொட்டாசியத்தை இறக்குவதும் உண்டு, ஏற்றுவதும் உண்டு. அத்தை சாப்பிடுவது எந்த வகை என்பது டாக்டருக்குத்தான் தெரியும்.

சம்பந்தம் இருக்கிறது. எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமல்ல.

1983ல் நான் மருந்தியல் இரண்டாம் வருடம். விருதுநகரில் அப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. வெற்றிலை புகையிலையை விட்டுத் தொலைக்கிறேன் என்று அதற்குப் பதிலாக அதிமதுரக் குச்சியை வாயில் ஒதுக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே மூட்டை. கையை நீட்டினால் குச்சி. காலையில் கடை திறக்கும்போது வாய்க்குள் போவது, இரவு பூட்டும்வரை மாறி மாறி நாலைந்து குச்சி. புகையிலை போனதே என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் அப்பாவால் கடை ஷட்டரைத் தூக்க முடியவில்லை. முப்பது வருடமாக ஒற்றைக் கையால் தூக்கிய ஷட்டர். "கைக்குப் பலம் வரல" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிரஷர் எகிறியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிரஷரும் வீக்கமும் இருந்தால் யாரும் எழுதுகிற மாத்திரைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். இரண்டு வாரத்தில் அப்பாவால் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கவாதம் என்று பயந்து மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு பயிற்சி டாக்டர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன் போலத்தான் இருந்தார். கேஸ் ஷீட்டை எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, வாயில என்ன மெல்லுறீங்க?" என்று கேட்டார். அப்பா கன்னத்திலிருந்து குச்சியை எடுத்துக் காட்டினார். படுத்த படுக்கையிலும் அதை விடவில்லை. அந்த டாக்டர் குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

எனக்கு அன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் தேர்வில் அதிமதுரத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படம் வரைந்து பாகமெல்லாம் குறித்து. முக்கிய வேதிப்பொருள்: கிளைசிரைசின். வகை: ட்ரைடெர்பினாய்டு. பயன்: சளி இளக்கி, இனிப்பூட்டி. அந்த வேரை அப்பா என் கண் முன்னால் மென்றுகொண்டிருந்தார்.

இனி விஷயம். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் இந்தக் கிளைசிரைசின்தான். சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. முப்பது கார்பன் அணுக்கள் கொண்ட ஓர் உடம்பு, அதன் முனையில் சர்க்கரை வகை அமிலம் இரண்டு. குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த இரண்டையும் கழற்றிவிடும். மிஞ்சுவது கிளைசிரெட்டினிக் அமிலம். வம்பு செய்வது இதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில், உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு என்று உத்தரவு போடுகிற இலைகள் கொஞ்சம் உண்டு. அழைப்பு ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோனுக்கு மட்டும்தான். ஆனால் கார்டிசால் என்று இன்னொரு ஹார்மோன், இரத்தத்தில் அதைவிட நூறு மடங்குக்கும் மேலே. அதுவும் அதே இலையில் உட்காரத் தெரிந்த ஆள். ஊர்க் கூட்டம் முழுவதும் பந்திக்குள் புகுந்துவிடாமல் இருக்க வாசலில் ஒரு மாமா நிற்கிறார். வருகிற கார்டிசாலை எல்லாம் கார்டிசோனாக மாற்றி அனுப்பிவிடுவார். கார்டிசோனுக்கு அந்த இலையில் உட்கார வராது. அந்த மாமா ஒரு நொதி. பெயர் 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டீஹைட்ரோஜினேஸ், அதில் இரண்டாம் வகை. கிளைசிரெட்டினிக் அமிலம் செய்வதெல்லாம் இந்த மாமாவின் கையைக் கட்டிப்போடுவதுதான். கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் ஒழுகிப் போகும். பொட்டாசியம் இறங்கினால் தசைக்குப் பலமில்லை, இதயம் தாளம் தப்பும். ஆல்டோஸ்டிரோன் மிகுந்துபோன நோய் மாதிரியே தெரியும். சோதித்துப் பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும்!

உங்கள் அத்தையின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஸ்பூன் என்றால் 5, 6 கிராம் பொடி. வேருக்கு வேர் கிளைசிரைசின் அளவு மாறும். நூற்றுக்கு நாலு பங்கு என்று குறைவாகவே வைத்தாலும் 200 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு, தினப்படி உட்கொள்ள 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. அதுவும் பிரஷர் இல்லாதவர்களை மனதில் வைத்து. அத்தை மூன்று மாதமாக அதைப் போல் இரண்டு மடங்கு, பிரஷரோடு.

நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் உடனே இல்லை. மாமாவின் கைக்கட்டு அவிழ இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம், சிலருக்கு இன்னும் கூட. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். குமட்டும். "அதிமதுரம் கொஞ்சம் போட்டுக் கொடுத்தா நல்லாருக்கும்" என்றார். நர்ஸம்மா முறைத்த முறைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: ட்ரைடெர்பினாய்டு என்பதில் 'ட்ரை' என்றால் மூன்று. எங்கள் பாடப் புத்தகத்திலோ ஆறு ஐசோப்ரீன் அலகுகள் சேர்ந்தது என்று இருக்கிறது. கணக்கு இடிக்கிறதே?
– பி.எஸ்சி. மாணவர், தஞ்சாவூர்

பதில்: இடிக்கத்தான் செய்யும். பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் எண்ணெயில் கிடைத்த பத்துக் கார்பன் பொருள்களுக்குத்தான் முதலில் டெர்பீன் என்று பெயர் வைத்தார்கள். அவையே ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் இரண்டு சேர்ந்தவை என்பது பின்னால்தான் புரிந்தது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து ஒரு டெர்பீன் என்றால் முப்பது மூன்று டெர்பீன். இந்த ஐசோப்ரீன் விதியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் லியோபோல்ட் ருஷிச்கா. 1939ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

பெயரைவிடச் சுவையானது, செடி அதைச் செய்கிற விதம். முதலில் ஸ்குவாலின் என்று ஒரு நீளச் சங்கிலி. சுறா ஈரலில் கண்டெடுத்ததால் சுறாவின் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார்கள். சங்கிலியில் முப்பது கார்பன். சின்ன வயதில் பனையோலைக் கீற்று ஒன்றைக் கொடுத்தால் தாத்தா அதை மடக்கி ஒரு நாள் காற்றாடி செய்வார், ஒரு நாள் கிலுகிலுப்பை, ஒரு நாள் பாம்பு. ஓலை ஒன்றுதான், மடிப்புதான் வேறு. ஸ்குவாலினை நொதிகள் மடக்குவதும் அப்படித்தான். ஒரு மடிப்பில் அதிமதுரத்தின் இனிப்பு, இன்னொரு மடிப்பில் சுரைக்காயின் கசப்பு, இன்னொன்றில் துளசியில் இருக்கும் உர்சாலிக் அமிலம், வல்லாரையின் ஏசியாட்டிக் அமிலம்.

நம் உடம்பிலும் அதே ஸ்குவாலின்தான் மடங்கிக் கொலஸ்டிராலாகிறது. கொலஸ்டிராலிலிருந்து கார்டிசால். ஆக, அதிமதுரத்தின் அமிலமும் நம் கார்டிசாலும் தூரத்துச் சொந்தம், ஜாடையும் கொஞ்சம் ஒத்துப்போகும். மேலே சொன்ன பந்தி வாசல் மாமா ஏமாந்தது அந்த ஜாடையில்தான்.

கேள்வி: எங்கள் குருகுலத்தில் நான்கு தலைமுறையாக அதிமதுரம் கொடுத்து வருகிறோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நேற்று வந்த வெள்ளைக்கார ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு நம் மருத்துவத்தைக் குறை சொல்வது உங்களைப் போன்ற படித்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.
– ஒரு சித்த வைத்தியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, கோபம் வேண்டாம். நானும் அந்த மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள்தான். நீங்கள் கொடுக்கும் அதிமதுரத்தை நான் குறை சொல்லவே இல்லை. உங்கள் சூரணத்தில் அது ஏழெட்டுச் சரக்கில் ஒன்று. சிட்டிகை, வெருகடி என்று ஓர் அளவு உண்டு, இத்தனை நாள் என்று ஒரு கெடு உண்டு, பத்தியம் உண்டு, நாடி பிடித்துப் பார்க்க நீங்களும் இருக்கிறீர்கள். நான் பயப்படுவது அரைக் கிலோ பொடியை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், டப்பா தீரும்வரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தான்.

நேற்று வந்த ஆராய்ச்சி என்றீர்கள். அதிமதுரம் அவர்களுக்கும் பழைய சரக்குதான். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலின் சீடர் தியோஃபிராஸ்டஸ் இந்த வேரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சித்தியர்கள் என்கிற அந்தக் கால நாடோடிக் கூட்டம் இதையும் குதிரைப்பால் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொண்டு பதினொன்று, பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் ஓட்டிவிடுமாம். உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைக்கிற வேர் என்று இன்று தெரிந்த பிறகு அந்த வரியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த ஆட்கள் எதையோ கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதன் இன்னொரு முகம் தெரிந்ததும் உங்கள் தொழில் போலவே நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்ததில்தான். நெதர்லாந்தில் ரெவெர்ஸ் என்ற டாக்டர் வயிற்றுப் புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாற்றுக் கட்டியைக் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முகமும் கை காலும் வீங்கின. இரண்டையும் மறைக்காமல் 1946ல் எழுதினார். 1960களில் பிரிட்டனில் கிளைசிரெட்டினிக் அமிலத்தையே கொஞ்சம் மாற்றி கார்பினாக்சலோன் என்று வயிற்றுப் புண் மாத்திரை செய்தார்கள். அதற்கும் அதே வீக்கம், அதே பிரஷர். நோயைத் தணித்ததும் வீக்கத்தைக் கொண்டுவந்ததும் ஒரே பொருளின் சந்ததி என்றால் பிரித்தெடுப்பது லேசில்லை. பிற்பாடு கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரம் என்றே மாத்திரை வந்தது. அதில் இந்தத் தொல்லை இல்லை. இனிப்பும் இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். அவர்களும் தங்கள் பழைய வைத்தியத்தை விடவில்லை. அங்கே எண்ணற்ற கூட்டு மருந்துகளில் அதிமதுரம் உண்டு. ஈரல் அழற்சிக்குக் கிளைசிரைசினை ஊசியாகவே போடுகிறார்கள். ஆனால் கூடவே பிரஷரையும் பொட்டாசியத்தையும் கவனிக்கச் சொல்லி எச்சரிக்கையும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வரி நம் பொடி டப்பாக்களிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். உங்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகன் பை நிறையக் கறுப்பு மிட்டாய் கொண்டு வந்தான். அதிமதுர மிட்டாயாம். ஒன்று உப்புக் கரிக்கிறது, ஒன்று இனிக்கிறது. பேரனுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாத்தா, திருச்சி

பதில்: பேரனுக்கு ஒன்றிரண்டு கொடுங்கள், ஒன்றும் ஆகாது. அவன் துப்பிவிடுவான் என்பது என் ஊகம். உப்புக் கரிப்பது நம் சமையல் உப்பு இல்லை, நவச்சாரம். வடக்கு ஐரோப்பாவில் அதன் மேல் அவ்வளவு ஆசை. பையைக் காலி செய்யப் போகிறவர் நீங்கள்தான் என்றால்தான் எனக்குக் கவலை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது இது: நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தினம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் கறுப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தொடர்ந்து தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரியில் சேர நேரலாம். 2020ல் மாசசூசெட்ஸ் மாநில டாக்டர்கள் எழுதிய ஒரு நோயாளிக் குறிப்பு உலகம் முழுக்கச் செய்தியானது. கட்டட வேலை செய்யும் 54 வயதுக்காரர். தினமும் ஒன்றரைப் பை மிட்டாய் தின்கிற பழக்கம். முதலில் பழச்சுவை கொண்ட சிவப்பு மிட்டாய். மூன்று வாரத்துக்கு முன் கறுப்புக்கு மாறியிருந்தார். ஒரு நாள் உணவகத்தில் சரிந்தவர் பிழைக்கவில்லை.

மருமகள் கர்ப்பமாக இருந்தால் அவரிடமும் பையை நீட்டாதீர்கள். இந்த மிட்டாயில் ஊறிய பின்லாந்திலேயே கர்ப்பிணிகள் அதிகம் தின்ன வேண்டாம் என்கிறார்கள்.

கேள்வி: வாக்கிங் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் சுரைக்காய் ஜூஸ் குடிப்போம். போன வாரம் கசந்தது. மூன்று பேர் கீழே ஊற்றிவிட்டோம். ஒருவர் மட்டும் "கசந்தால்தான் சுகருக்கு நல்லது" என்று முழு டம்ளரையும் குடித்தார். அரை மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஜூஸில் பல்லி ஏதாவது விழுந்திருக்குமோ?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாவம், பல்லியை விடுங்கள். சுரைக்காயேதான். அந்தக் கசப்புக்குப் பெயர் குக்கர்பிட்டாசின், அதுவும் ட்ரைடெர்பினாய்டு சாதிதான். வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடல் குடும்பம் பூச்சியையும் மாட்டையும் விரட்ட வைத்துக்கொண்ட ஆயுதம். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையையே எடுத்து வைத்து அதை அடக்கி வைத்திருக்கிறோம். காட்டுச் சுரையோடு மகரந்தம் கலந்தாலோ, செடி வெயிலிலும் தண்ணீரில்லாமலும் வாடினாலோ பழைய குணம் எட்டிப் பார்க்கும். கசக்கிற காயும் கசக்காத காயும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும்.

உங்கள் நண்பர் பிழைத்தது நல்ல காலம். கசப்புச் சுரைக்காய் ஜூஸ் குடித்து நம் நாட்டில் உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழு போட்டு விசாரித்தது. கசந்தால் குடிக்காதே, வேறு சாறு எதையும் கலக்காதே, குடித்துவிட்டு வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்பதுதான் குழு சொன்னதன் சாரம். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. வேகவைத்தால் போய்விடும் என்பதும் தப்பு.

என் பாட்டி காயை நறுக்கியதும் காம்புப் பக்கத்தில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியில் கத்தி வைப்பாள். சுரை, வெள்ளரி, பீர்க்கு எதுவானாலும். கசந்தால் முறம் சகிதம் குப்பைக்குழிக்கு. நம் ஆட்கள் கசக்கிற காட்டு வகைகளுக்குப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று வரிசையாகப் பெயர் வைத்ததும் விளையாட்டுக்கு இல்லை. வைத்தியர்கள் அவற்றை வாந்திக்கும் பேதிக்கும் எடைபோட்டுக் கொடுத்தார்கள், டம்ளரில் ஊற்றிக் கொடுக்கவில்லை.

"அப்போ பாகற்காய்?" என்று அடுத்த கடிதம் வரும். அதன் கசப்பும் இதே குடும்பம்தான், மடிப்பும் அதேதான், ஆனால் பொருள் வேறு. பாகற்காய் கசப்பது இயல்பு. சுரைக்காய் கசந்தால் கோளாறு.

கேள்வி: ஆப்பிள் தோலைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. வியாபாரிகள் தடவியதா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: பாதி நேரம் ஆப்பிள் தானே தடவிக்கொண்டது. தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அது சுரக்கும் மெழுகில் உர்சாலிக் அமிலம் கணிசமாக இருக்கும். கழுவிப் பெட்டியில் அடுக்கும்போது அந்த மெழுகு போய்விடுவதால் அரக்கு, தேன்மெழுகு போன்றவற்றை மெல்லியதாகப் பூசவும் அனுமதி உண்டு. சுரண்டிப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகள் குன்றிமணி இலையை மெல்லுவோம். அதிமதுரம் போலவே இனிக்கும். இரண்டும் ஒன்றுதானா? கடையில் அதிமதுரம் என்று குன்றிமணி வேரைத் தருகிறார்களாமே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நானும் மென்றிருக்கிறேன். தொண்டை கட்டினால் பாட்டுவாத்தியார் அந்த இலையைத்தான் கொடுப்பார். பழைய புத்தகங்கள் குன்றிமணியை 'இந்திய அதிமதுரம்' என்றே எழுதி, அதன் இனிப்பையும் கிளைசிரைசின் கணக்கில் சேர்த்துவிட்டன. 1989ல் சிகாகோவில் இலையைப் பிரித்துப் பார்த்தபோது இனிப்புக்குக் காரணம் வேறு நாலு பொருள்கள் என்று தெரிந்தது. அப்ருசோசைடு ஏ, பி, சி, டி. அவையும் முப்பது கார்பன் உடம்பில் சர்க்கரை மாட்டியவைதான், ஆனால் மடிப்பு வேறு. சர்க்கரையைவிட 30 முதல் 100 மடங்கு இனிப்பு.

வேர் மாற்றி விற்பது உண்டு, இன்று நேற்று அல்ல. அசல் அதிமதுரம் நம் ஊரில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியா என்று வறண்ட நாட்டுச் சரக்கு. சென்னை பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவிலிருந்து அப்பாவுக்குச் சாக்கில் வரும். சாக்கை அவிழ்த்ததும் முதல் வேலை, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு குச்சி உருவி ஒடித்துப் பார்ப்பது. வேலிக்காலில் கிடைக்கிற வேரை நடுவில் செருகுவதற்கு எல்லாக் காலத்திலும் ஆள் உண்டு.

இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு விதையில் இருக்கும் ஆப்ரின் கொடிய விஷம். தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றால் உயிருக்கு ஆபத்து. ஓட்டை போட்டு மணியாகக் கோத்தாலும் அந்தக் கெட்டித் தோல் உடைந்ததாகத்தான் அர்த்தம். குழந்தைக்குக் குன்றிமணி மாலை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நல்ல அதிமதுரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பொடியாக வாங்காதீர்கள், குச்சியாகக் கேளுங்கள். சுண்டுவிரல் கனம். வெளியே பழுப்பு, நீளவாக்கில் சுருக்கம். ஒடித்தால் படக்கென்று உடையாமல் நார் நாராக இழுத்துக்கொண்டு ஒடிய வேண்டும். உள்ளே மஞ்சள். அந்த மஞ்சள் கிளைசிரைசின் இல்லை, ஃபிளேவனாய்டுகள். ஆனால் மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் பழைய சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம். துண்டு ஒன்றை மென்று பாருங்கள். சர்க்கரை நாக்கில் பட்டதும் இனிக்கும். இது கொஞ்சம் தாமதித்து வரும், வந்தால் ஐந்து நிமிடம் போகாது. பொடித்த பிறகு சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையைப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள். நுரைக்க வேண்டும். பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டையை ஊற வைத்தால் நுரைக்குமே, அதே சங்கதிதான். முப்பது கார்பன் பக்கம் எண்ணெயோடு ஒட்டும், சர்க்கரைப் பக்கம் தண்ணீரோடு ஒட்டும்.

இருமலுக்கு என்றால் ஒரு விரற்கடைத் துண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வையுங்கள். நாலைந்து நாள் போதும். பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டாம். கற்பூரவல்லி இருக்கிறது, ஆடாதோடை இருக்கிறது.

10 கிராம் வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மழைக்காலம் ஓடிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா அதிமதுர மூட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து கடையின் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். யாராவது கால் கிலோ கேட்டால் பித்தளைத் தராசை எடுக்காமல், "வீட்ல யாருக்குங்க, பிரஷர் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். எரிச்சலாகி எதிர்க் கடைக்குப் போனவர்களும் உண்டு.